இருவாச்சிக்கு இரண்டு வாயா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பெரிய இருவாச்சியின் படம் ஒன்று வெளியானது. அதைப் பார்த்துவிட்டு எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரே கதையைச் சொல்லி, அது மெய்தானா என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தப் பறவைக் குடும்பத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருப்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளுமாம். இரை தேடப் போன ஆண் பறவையை யாராவது சுட்டுவிட்டால், பெண்ணும் குஞ்சுகளும் உள்ளேயே பட்டினி கிடந்து இறந்துவிடுமாம். கைப்பேசியில் சுற்றி வரும் இந்தச் செய்தி உண்மையா?

முன்பாதி முழு உண்மை. பின்பாதியில் உண்மையும் உருக்கமும் கலந்திருக்கின்றன. உருக்கம் சற்றுக் கூடுதலாகவே விழுந்துவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தை, மாசி வாக்கில் பெரிய இருவாச்சிகள் கூடு பார்க்கத் தொடங்குகின்றன. உயர்ந்த மரமொன்றின் பொந்துக்குள் பெண் பறவை நுழைந்ததும், தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் பொந்தின் அடியில் கிடக்கும் மக்கிய மரத்தூளையும் குழைத்து, அலகின் பக்கவாட்டைக் கொத்தனாரின் கரணையைப் போலப் பயன்படுத்தி, வாயிலைச் சிறிது சிறிதாகப் பூசி அடைக்கிறது. காய்ந்தபின் அந்தப் பூச்சு மரப்பட்டையோடு பட்டையாக இறுகிவிடும். அலகின் நுனி மட்டும் நுழையும் அளவுக்கு நெடுக்கான ஒரு கீறல்தான் மிஞ்சும். வேறு சில இனங்களில் ஆண் பறவை ஈர மண்ணை உருட்டிக் கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு.

வால்பாறைப் பக்கம் இப்படியொரு கூட்டை எட்ட நின்று, பைனாகுலரில் ஒரு முற்பகல் முழுவதும் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சிறகின் இரைச்சல் கேட்டது. ஆண் பறவை வந்து பக்கத்துக் கிளையில் அமர்ந்து, தலையை ஒருபுறம் சாய்த்துச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பொந்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டது. அதன் வாயில் ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். தொண்டையை ஒருமுறை மேலே எக்கியதும் அலகின் நுனியில் ஓர் அத்திப்பழம் வந்து நின்றது. அதைக் கீறலுக்குள் நீட்டியது, மறுபடி எக்கியது, இன்னொரு பழம். இப்படி முப்பது வரை எண்ணி, அதற்குமேல் எண்ணிக்கை தவறிவிட்டது. அவ்வளவு பெரிய அலகு ஒரு சிறு பழத்தைச் சற்றும் நசுக்காமல் பிடித்திருந்த பக்குவம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உள்ளே போன பெண், சிறகின் பெரிய இறகுகளையும் வால் இறகுகளையும் உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. ஒன்று அல்லது இரண்டு முட்டைகளை ஏறக்குறைய 40 நாள் அடைகாக்கிறது. பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் வளர்ந்து பறக்கும். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் பெண் பூச்சை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உள்ளே இருக்கும் குஞ்சு வாயிலைத் தானே மறுபடி பூசிக்கொள்ளும். அதன்பின் தாயும் தந்தையும் சேர்ந்து ஊட்டுகின்றன. அதாவது, கதவை உள்ளிருந்து பூட்டியவளிடமே சாவியும் இருக்கிறது. இறகு உதிர்ந்து பறக்க முடியாத நாட்களில் ஆண் கொல்லப்பட்டால் பெண்ணின் உயிருக்கு மெய்யாகவே ஆபத்துதான். முட்டையோ இளங்குஞ்சோ பிழைப்பதும் அரிது. ஆனால் இறகு முளைத்தபின் அது வெளியே வந்து தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். வடகிழக்கு மாநிலங்களில் வாழும் பழுப்பு இருவாச்சி இனத்திலோ, ஒரே கூட்டுக்கு உதவியாளர்களாகப் பல பறவைகள் சேர்ந்து இரை கொண்டுவருகின்றன. ஆப்பிரிக்காவின் தரை இருவாச்சிகள் வாயிலை அடைப்பதே இல்லை.

இந்தப் பறவையைக் கற்புக்கரசியாகவும் தியாகியாகவும் ஆக்கி எழுதப்படும் செய்திகளில் எனக்கு ஒரு குறை உண்டு. அவை ஆண் சுடப்படுவதை மட்டுமே பேசுகின்றன. பொந்து எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. மரங்கொத்தியைப் போல மரத்தைக் குடைய இருவாச்சியால் முடியாது. கிளை முறிந்த இடத்தில் நீர் இறங்கி, பூஞ்சை பற்றி, உள்மரம் மக்கி, இரண்டு மூன்றடி உயரப் பறவை ஒன்று உள்ளே திரும்பி அமரும் அளவுக்குப் பொந்து தானாகவே அமைந்தால்தான் அதற்குக் கூடு. அப்படி அமைய மரத்துக்கு நல்ல பருமனும் பல தலைமுறை வயதும் வேண்டும். கிடைத்த பொந்தை மற்ற இருவாச்சிகளிடமிருந்தும், குஞ்சு தின்னும் விலங்குகளிடமிருந்தும் காப்பாற்றிக்கொள்ளவே இத்தனை பூச்சுவேலை என்று கருதப்படுகிறது. பொந்து அமைந்துவிட்டால் ஆண்டுதோறும் அதே மரத்துக்கே திரும்பி வரும். ஆணைச் சுட்டால் ஒரு பருவம் பாழாகிறது. மரத்தை வெட்டினால் இனி வரப்போகும் எல்லாப் பருவங்களும் பாழாகின்றன.

கேள்வி: ‘இருவாச்சி’ என்ற பெயர் எப்படி வந்தது? உண்மையிலேயே அதற்கு இரண்டு அலகுகளா?

அலகு ஒன்றுதான். அதன் மேலே ஏறி அமர்ந்திருக்கும் புடைப்பு, தொலைவிலிருந்து பார்க்க இன்னோர் அலகைப் போலத் தோன்றுவதால் ‘இரு வாய்ச்சி’ என்பது மருவி இருவாச்சி ஆயிற்று என்று சொல்வார்கள். இருவாட்சி என்றும் எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது ஒரு குழப்பம் உண்டு. இருவாட்சி என்ற பெயரில் மல்லிகை வகை ஒன்று இருப்பதை வாசகியர் நன்றாகவே அறிவார்கள்.

அந்தப் புடைப்பு பார்க்கக் கனமாகத் தெரிந்தாலும் பெரும்பாலான இனங்களில் உள்ளே பெரும்பாலும் வெற்றிடந்தான். குஞ்சு பொரிந்து வரும்போது அது இருப்பதில்லை. சில ஆண்டுகளில் மெல்ல வளர்ந்து முழு வடிவம் பெறுகிறது. குரலைப் பெருக்கவும், வயதையும் வலிமையையும் காட்டிக்கொள்ளவும் பயன்படுவதாகக் கருதப்படுகிறது. பெரிய இருவாச்சிகள் பறந்துகொண்டே ஒன்றன் புடைப்பில் இன்னொன்று மோதிக்கொள்வதையும் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இத்தனையையும் தாங்க வேண்டும் என்பதாலோ என்னவோ, கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகள் ஒன்றாக இணைந்திருக்கின்றன. பறவைகளில் இது இந்தக் குடும்பத்துக்கே உரிய அமைப்பு.

கெட்டியான புடைப்பு உள்ள இனம் ஒன்றே ஒன்று உண்டு. மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ காடுகளில் வாழும் தலைக்கவச இருவாச்சி அது. அந்தப் புடைப்பு யானைத் தந்தத்தைப் போலச் செதுக்கு வேலைக்கு ஏற்றது என்பதே அதற்குக் கேடாக முடிந்தது. சீனச் சந்தையை நம்பி நடந்த வேட்டையால், 2015-இல் அது மிகவும் அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கேள்வி: படக்கதைகளில் வரும் டூக்கன் பறவையும் இருவாச்சியும் ஒன்றுதானே?

இல்லை. அலகைக் கண்டு நாம் ஏமாந்துபோகிறோம். டூக்கன் மத்திய, தென் அமெரிக்கப் பறவை. அதன் உறவினர்கள் குக்குறுவானும் மரங்கொத்தியும். இருவாச்சி ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரியது. அதன் நெருங்கிய உறவு, வயல்வெளியில் விசிறிக் கொண்டையோடு திரியும் நம்முடைய கொண்டலாத்தி. நம்ப முடியாதவர்கள் கொண்டலாத்தியின் கூட்டை நினைத்துப் பார்க்கலாம்: அங்கேயும் பொந்துக்குள் பெண் அடைகாக்க, ஆண்தான் இரை கொண்டுவந்து ஊட்டும். வாயிலை அடைப்பதில்லை, அவ்வளவுதான். டூக்கனின் கால்விரல்கள் மரங்கொத்தியுடையதைப் போல முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக இருக்கும்; இருவாச்சிக்கு முன்னே மூன்று, அவையும் அடியில் ஒட்டியிருக்கும். டூக்கனுக்கு நாக்கு நீளம். இருவாச்சிக்கோ நாக்கு குட்டை என்பதால் பழத்தை அலகு நுனியில் பிடித்து, மேலே தூக்கிப் போட்டுத் தொண்டையில் ஏந்திக்கொள்கிறது. உயர்ந்த மரங்களின் மெல்லிய கிளை நுனியில் உள்ள பழத்தை எட்டிப் பறிக்க இருவேறு கண்டங்களில் இருவேறு பறவைகளுக்கு ஒரே மாதிரியான கருவி அமைந்துவிட்டது.

கேள்வி: தமிழ்நாட்டில் எத்தனை வகை இருவாச்சிகள் இருக்கின்றன? எப்படி அடையாளம் காண்பது?

உலகில் ஏறத்தாழ 60 இனங்கள். இந்தியாவில் 9, அவற்றில் ஒன்று அந்தமானைச் சேர்ந்த நார்கொண்டம் என்னும் சிறு தீவில் மட்டுமே வாழ்கிறது. சுமார் 7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் அது கிடையாது.

நம் பக்கம் நான்கு. ஒரு மீட்டருக்கும் மேல் நீளமும், 2 முதல் 4 கிலோ வரை எடையும், மஞ்சள் நிறப் புடைப்பும் கொண்டது பெரிய இருவாச்சி. ஆனைமலை, களக்காடு போன்ற மழைக்காடுகளில் காணலாம். கேரளத்துக்கும் அருணாசலப் பிரதேசத்துக்கும் மாநிலப் பறவை இதுவே. மலையை அதிரவைக்கும் குரலுக்காக மலையாளத்தில் ‘மலமுழக்கி வேழாம்பல்’ என்கிறார்கள். ஆணுக்கு விழி சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை. கழுத்திலும் சிறகுப் பட்டையிலும் தெரியும் மஞ்சள், பறவையின் பிறவி நிறமன்று. வால் அடியில் உள்ள சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்துத் தானே பூசிக்கொள்ளும் சாயம். இரண்டாவது, கறுப்பும் வெள்ளையுமான மலபார் இருவாச்சி. இது ஆற்றோரக் காடுகளை விரும்பும். மூன்றாவதான மலபார் சாம்பல் இருவாச்சி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாதது. தலையில் புடைப்பு கிடையாது. யாரோ விழுந்து விழுந்து சிரிப்பதைப் போலக் கத்தும். காப்பித் தோட்டங்களுக்குள்ளும் வரும். நான்காவது, சமவெளியின் சாம்பல் இருவாச்சி. இதற்குச் சிறிய கூரிய புடைப்பு உண்டு. ஆலும் அரசும் உள்ள சாலையோரங்களிலும் பார்க்கலாம். நான்கையும் ஒரே வட்டாரத்தில் பார்க்க விரும்பினால் ஆனைமலைக்கு மேற்கே உள்ள அதிரப்பள்ளி–வாழச்சால் காடுகளுக்குப் போகலாம்.

கேள்வி: அது பறக்கும்போது ரயில் எஞ்சின் போல ஓசை வருவது ஏன்?

மற்றப் பறவைகளுக்குப் பறக்கும் இறகுகளின் அடிப்பகுதியைச் சிறகின் கீழ்ப்புறத்திலிருந்து சிற்றிறகுகள் மூடியிருக்கும். இருவாச்சிக்கு அந்த மூடி இல்லை. ஒவ்வொரு வீச்சிலும் இறகுகளின் இடைவெளி வழியே காற்று புகுந்து இரைகிறது. அடர்ந்த காட்டில் பறவையைக் காண்பதற்கு முன்பே இந்த ஓசை காதில் விழுந்துவிடும்.

கேள்வி: இருவாச்சியைக் ‘காட்டை வளர்க்கும் உழவன்’ என்கிறார்கள். பழம் தின்னும் பறவைகள் எத்தனையோ இருக்க, இதற்கு மட்டும் ஏன் இந்தப் பட்டம்?

அதன் வாய் அகலத்துக்காக என்று சுருக்கமாகச் சொல்லலாம். அத்தி, ஆல், இத்தி வகைகளின் விதைகள் பொடிப் பொடியானவை. அவற்றைச் சிறு குருவி முதல் குரங்கு வரை யார் வேண்டுமானாலும் சுமந்து செல்லலாம். காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் போன்ற மரங்களின் நிலை அப்படியன்று. அவற்றின் விதை பெரிது. அதை முழுதாக விழுங்கக்கூடியவை இருவாச்சிகளும் பெரிய மலைப்புறாக்களும் இன்னும் சில விலங்குகளும்தான்.

காட்டு ஜாதிக்காய் வெடிக்கும்போது உள்ளே விதையைச் சுற்றிச் செந்நிற ஜாதிபத்திரி தெரியும். கொழுப்பு நிறைந்த உணவு அது. இருவாச்சி அதை விதையோடு விழுங்கிவிட்டுப் பறந்துபோகிறது. வயிற்றுக்குள் ஜாதிபத்திரி மட்டும் கழன்று செரிக்க, விதை சேதமில்லாமல் மீண்டும் வாய் வழியாகவே வெளியே வருகிறது. அதற்குள் பறவை தாய்மரத்திலிருந்து நூறு மீட்டரும் போயிருக்கலாம், சில கிலோமீட்டரும் போயிருக்கலாம். தாய்மரத்தின் நிழலிலேயே விழும் விதைகளைப் பூச்சியும் எலியும் தேடி வந்து அழித்துவிடுகின்றன என்பதால், இந்தப் பயணம் அந்த மரத்துக்கு மிக முக்கியம். அருணாசலக் காடுகளில் அபராஜிதா தத்தா உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து விளக்கியிருப்பது இந்த உறவைத்தான்.

ஆனால் ‘உழவன்’ என்ற சொல்லை நான் சற்றுத் தயக்கத்தோடுதான் பயன்படுத்துவேன். கூட்டு மரத்தின் அடியில் போய்ப் பார்த்தால், உள்ளிருந்து துப்பிய விதைகள் குவிந்து, மழைக்குப் பின் கீரைப்பாத்தி போல நாற்றுகள் நெருக்கியடித்து முளைத்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று போட்டியிட்டே மடிந்துபோகும். எந்த உழவனும் அப்படி விதைப்பதில்லை. கூட்டுக்கு வெளியே, போகிற வழியெல்லாம் சிதறவிடும் விதைகளே காட்டுக்கு உண்மையான ஆதாயம். இனப்பெருக்கக் காலத்தில் இந்தப் பழந்தின்னி ஓணான், பூச்சி, சிறு பாம்பு, பிற பறவைகளின் குஞ்சு என எது கிடைத்தாலும் பிடித்துக் குஞ்சுக்கு ஊட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: மழைநீரைத் தவிர வேறு நீரை இருவாச்சி குடிக்காது என்பது சரியா?

வேழாம்பல் வாயைத் திறந்துகொண்டு மழைக்காகக் காத்திருக்கிறது என்பது மலையாள நாட்டின் பழைய நம்பிக்கை. காட்டில் இருவாச்சி நீர் அருந்துவதைக் காண்பது அரிது என்பதால் பிறந்த எண்ணமாக இருக்கலாம். அதற்குத் தேவையான நீரில் பெரும்பகுதி பழங்களிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

கேள்வி: இருவாச்சி எண்ணெய் மூட்டுவலிக்கு நல்லது என்று ஒருவர் விற்க வந்தார். வாங்கலாமா?

கூடாது. அதனால் மூட்டுவலி தீரும் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தப் பறவையை வேட்டையாடுவதும் அதன் உடற்பகுதிகளை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். வாங்கினால் விற்பவரோடு சேர்ந்து நீங்களும் வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள். பரம்பரை வழக்கமாயிற்றே என்பவர்களுக்கு ஒரு செய்தி: அருணாசலத்தின் நிஷி மக்கள் தங்கள் தலையணியில் இருவாச்சியின் அலகைச் சூடுவது நெடுங்கால மரபு. அவர்களில் பலர் இன்று கண்ணாடியிழையில் வார்த்த அலகைச் சூடிக்கொள்கிறார்கள். பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் அதே மக்கள்தான் கூடுகளுக்குக் காவலும் இருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து எல்லையில் உள்ள பழைய மரமொன்றின் பொந்தில் இருவாச்சி கூடு வைத்திருக்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? செயற்கைக் கூடு வைத்தால் உதவுமா?

முதலில், செய்யக் கூடாதவற்றைச் சொல்கிறேன். தை முதல் வைகாசி வரை அந்த மரத்தின் அடிக்குப் போகாதீர்கள். படமெடுக்க வருபவர்களுக்கு இடத்தைக் காட்டாதீர்கள். ஆண் பறவை மிகவும் கூச்சம் உள்ளது. கீழே ஆள் நடமாட்டம் தெரிந்தால், தொண்டை நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு அடுத்த மரத்திலேயே மணிக்கணக்கில் காத்திருக்கும்; உள்ளே குஞ்சு பசியோடு கிடக்கும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் நன்றாகத் தள்ளி, ஒரு மறைவில் அசையாமல் உட்காருங்கள்.

அடுத்தது மரம். பட்டுப்போன கிளைகளும் பொந்தும் கொண்ட மரம் காற்றில் விழுந்துவிடும் என்று சொல்லி வெட்டச் சொல்வார்கள். வீட்டின் மேலோ பாதையின் மேலோ சாயும் நிலையில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அந்த ஒரு மரம் மட்டும் இருந்தால் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். பறவைக்குக் கூடு ஓரிடம், சாப்பாடு வேறிடம். தோட்டத்தின் ஓடைக்கரையில் நிற்கும் அத்தியையும் கல்லத்தியையும் ‘விறகுக்குக்கூட ஆகாத மரம்’ என்று தள்ளிவிடாதீர்கள். மற்ற மரங்கள் காய்க்காத மாதங்களில் காட்டுப் பறவைகளுக்குச் சோறு போடுபவை அவையே. நிழலுக்குச் சில்வர் ஓக் மட்டுமே நடும் தோட்டங்களில் இருவாச்சிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. வால்பாறை மேட்டில் சூழலியல் ஆய்வாளர்களான திவ்யா முடப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சோலைத் துண்டுகளில், அந்த மண்ணுக்கே உரிய மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டு வருகிறார்கள். உங்களிடம் இடம் இருந்தால் அந்த வழியைப் பின்பற்றலாம். கூடு இருக்கும் செய்தியை வனச்சரக அலுவலகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

செயற்கைக் கூடு சில இடங்களில் பலன் தந்திருக்கிறது. தாய்லாந்தில் 1978 முதல் இருவாச்சிகளை ஆய்ந்து வரும் பிலாய் பூன்சவாட், குஞ்சுகளைத் திருடி விற்றுக்கொண்டிருந்தவர்களையே பேசி மாற்றிக் கூட்டுக் காவலர்களாக ஆக்கியவர். அவருடைய குழுவினர் அங்கே செய்து வைத்த கூடுகளில் இருவாச்சிகள் குஞ்சு பொரித்திருக்கின்றன. ஆனால் அது பழைய மரங்கள் அழிந்துபோன இடத்துக்கான ஏற்பாடு. உங்கள் மரத்தில் பொந்து இருக்கும்போது பக்கத்தில் பெட்டி கட்டுவதற்கு ஆள் ஏற்றுவது தேவையற்ற தொந்தரவு. அந்தச் செலவுக்கு நான்கு அத்திக் கன்றுகளை நடுங்கள்.

கேள்வி: இருவாச்சி எத்தனை ஆண்டுகள் உயிர் வாழும்?

பராமரிப்பில் 40 ஆண்டுகளைத் தாண்டியவை உண்டு. ஊரறிந்த இருவாச்சி ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் ‘வில்லியம்’ என்ற பெரிய இருவாச்சி இருந்தது. கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கூண்டில் 1894 முதல் 26 ஆண்டுகள் வாழ்ந்தது. வருபவர்கள் அதை ‘அலுவலகக் குருவி’ என்று கேலியாக அழைத்தார்கள். கழகத்தின் சின்னத்தில் இன்றும் இருப்பது அதன் உருவந்தான். எதைத் தூக்கிப் போட்டாலும் அலகில் ஏந்தி விழுங்கிவிடும் வழக்கம் அதற்கு. ஒருமுறை எரிந்துகொண்டிருந்த சுருட்டையே விழுங்கிவிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்ததாம். 1920-இல் ஒரு கம்பித் துண்டை விழுங்கி இறந்துபோனது.